டப்பாவுக்கு அடியில் ஒரு வரி

கொஞ்சம் நில்லுங்கள் மேடம், இந்த டப்பாவை நிரப்பி முடித்துவிடுகிறேன். சூடான எண்ணெயைப் பாதியில் நிறுத்தினால் டப்பாவின் சுவரில் கோடு விழுந்துவிடும். காலையிலிருந்து பட்ட பாடு அத்தனையும் வீணாகிவிடும். உங்களோடு வந்திருக்கும் காவலரை அந்தச் சூட்டுப்பெட்டி மேல் சாய வேண்டாம் என்று சொல்லுங்கள். பார்க்க அலமாரி மாதிரி இருக்கும், முதுகு வெந்துவிடும்.

ஆயிற்று. உட்காருங்கள். டீ குடியுங்கள். கண்ணாடித் தம்ளர்தான், பயப்படாமல் குடிக்கலாம்.

என் சகலையைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள் என்று வீட்டிலிருந்து போன் வந்தது. "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க, டெஸ்ட் பண்ணது எங்க அண்ணன்தான், தங்கமான மனுஷன், அவரைக் கேளுங்க" என்று அவனே உங்களை இங்கே அனுப்பினானாமே. அனுப்புவான். என் மனைவியின் தங்கையைக் கட்டிய நாளிலிருந்து வாய் நிறைய அண்ணன் என்றுதான் கூப்பிடுகிறான்.

முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். சாப்பாடு கட்டிக் கொடுக்கும் டப்பாவிலிருந்து சாப்பாட்டுக்குள் என்ன இறங்குகிறது என்று பார்ப்பது. சாப்பாட்டுக்குப் பதிலாக எண்ணெயோ காடித் தண்ணீரோ ஊற்றுவேன், சூட்டில் வைப்பேன், காத்திருப்பேன், பிறகு அதை எடுத்து, அதோ ஜன்னலோரம் முனகிக்கொண்டிருக்கிறதே, அந்த இயந்திரத்தில் ஓட்டிப் பார்ப்பேன். அதே ரக டப்பாவைக் குப்பை உரத்தில் புதைத்து, மக்குகிறதா என்றும் பார்ப்பேன். ஊற்றுவது, காத்திருப்பது, புதைப்பது. அவ்வளவுதான்.

இதைத்தான் என் சகலை ஒருநாள் மாமனார் வீட்டில், எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கேட்டான். "அண்ணே, டப்பாவுல எண்ணெய ஊத்திட்டு உக்காந்து பாக்கறதுக்கா உங்களுக்குச் சம்பளம் தர்றாங்க? எங்க ஊட்டுப் பூனையும் அதத்தான் செய்யுது, அதுக்கு ஒரு தட்டு பால்தான்." எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மறுநாளே மறந்துவிட்டேன். அவன் அன்று நீலக் கட்டம் போட்ட சட்டை போட்டிருந்தான், மேல் பொத்தான் போடவில்லை. மாமனாருக்குப் புரையேறித் தண்ணீர் கொடுத்தார்கள். முதலில் சிரித்தது என் மனைவி. அதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்ளும் ஆள் நான் இல்லை.

அதன் பிறகுதான் அவன் காகித டப்பாத் தொழில் தொடங்கினான். அழகான டப்பா. இலைப் பச்சை நிறம், மூடியில் ஒரு சின்னக் குருவி, அதன் கீழே "மண்ணில் கரைவேன், மனதில் நிற்பேன்" என்று ஒரு வாசகம். எண்ணெய் ஊறி ஒழுகாமல் இருக்க உள்பக்கம் வழவழவென்று ஒரு பூச்சு. தர முத்திரைக்காக என்னிடம்தான் வந்தது. சொந்தக்காரன் டப்பாவை நான் சோதிக்கக்கூடாது என்று எங்கள் மேலதிகாரி யோசித்தார். நான்தான், "என்னைவிடக் கறாரா யாரு சார் பாக்கப்போறா" என்றேன். அது உண்மைதான் என்று அவருக்கும் தெரியும்.

எண்ணெய் ஊற்றிச் சூட்டில் வைத்தேன். காத்திருந்தேன். இயந்திரத்தில் ஓட்டினேன். திரையில் கோடு ஏறியது, ஏறியது, திரை போதாமல் வெளியே போய்விட்டது. அந்தப் பூச்சு சூடான எண்ணெயைக் கண்டால் மாமியார் வீட்டுக்கு வந்த மருமகன் மாதிரி இறங்கி உட்கார்ந்துகொள்கிறது. உடம்புக்குள் போனால் லேசில் கிளம்பாது. ரத்தத்தில் சேர்ந்துகொண்டே இருக்கும்.

இந்த இடத்தில் நீங்கள் என்னைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். நான் அன்றே "தேறவில்லை" என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அவன் ஒரு மாதத்தில் பூச்சை மாற்றியிருப்பான். நல்ல டப்பா செய்திருப்பான். ஊரே பாராட்டியிருக்கும். மாமனார் இன்னொரு தடவை புரையேறச் சிரித்திருப்பார். அதில் விஞ்ஞானத்துக்கு என்ன லாபம்?

அதனால் அவனுக்குப் போன் போட்டேன்.

"தம்பி, உன் டப்பாவுல என்ன வைப்பாங்க?"

"என்ன வேணா வைப்பாங்க அண்ணே. சோறு, சூப்பு, பொரிச்சது, வறுத்தது, ஐஸ்கிரீமு..."

"ஐஸ்கிரீமும் வைப்பாங்களா?"

"வச்சா என்ன, ஒழுகவா போவுது? நீங்க பாத்து எதையாவது போடுங்கண்ணே. சீக்கிரம் முத்திரை வந்தாச் சரி."

டப்பா எதற்குப் பயன்படுமோ அதற்கேற்ற சோதனை செய்ய வேண்டும் என்பது எங்கள் முறை. குளிர்ந்த பண்டத்துக்கு என்றால் குளிரில் வைத்துப் பார்த்தால் போதும். ஐஸ்கிரீம் என்று அவன் வாயால் சொன்னானா இல்லையா? குளிரில் வைத்துப் பார்த்தேன். டப்பா பச்சைக் குழந்தை மாதிரிச் சமர்த்தாக இருந்தது. தேறிவிட்டது. "குளிர்ந்த பண்டங்களுக்கு மட்டும்" என்ற வரியை எங்கே அச்சடிக்கலாம் என்று அவனுடைய அச்சுக்காரர் என்னைத்தான் கேட்டார். அடிப்பக்கம் என்றேன். யோசித்துப் பாருங்கள், டப்பாவுக்கு அடியில் எழுதியிருப்பதைப் படிக்க வேண்டுமானால் டப்பாவைக் கவிழ்க்க வேண்டும். கவிழ்க்க வேண்டுமானால் முதலில் சாப்பிட்டு முடிக்க வேண்டும். நான் எதையும் மறைக்கவில்லை. எழுத்துகூடக் கொஞ்சம் பெரிதாகவே போடச் சொன்னேன்.

மண்ணில் கரைவதும் அப்படித்தான். எங்கள் உரத் தொட்டி உள்ளே தகிக்கும். அதில் போட்டால் டப்பா நைந்துபோனது. என் வீட்டுத் தோட்டத்தில் ரோஜாச் செடிக்கு அடியில் ஒன்றைப் புதைத்துப் பார்த்தேன். இரண்டு மழைக்காலம் போய்விட்டது. ரோஜா செத்துப்போனது. குருவி அப்படியே இருக்கிறது. போன மழையில் உங்கள் காவல் நிலையத்துக்கு முன்னால் முழங்கால் அளவு தண்ணீர் நின்றதே, சாக்கடைக்குள் கையை விட்டால் அந்தக் குருவிகள் கூட்டம் கூட்டமாக வந்திருக்கும்.

டப்பா ஊரெல்லாம் பரவியது. ஆபீஸ், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், எங்கும் பச்சை டப்பா, ஆவி பறக்க. எல்லாரும் டப்பாவில் எண்ணெய் ஊற்றித்தான் சோதிப்பார்கள். அதைத் தினமும் சாப்பிடும் குடும்பத்துக்கு வருஷக்கணக்கில் என்ன ஆகிறது என்று யார் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறார்கள்? எனக்கு அந்த வாய்ப்பு வீடு தேடி வந்தது. கொழுந்தியாள் கட்டுக் கட்டாக டப்பா கொண்டுவந்து எல்லார் வீட்டிலும் அடுக்கினாள். "நம்ம டப்பா இருக்கும்போது எதுக்குப் பாத்திரம் கழுவிக்கிட்டு?"

எனக்கு ரத்தம் எடுக்கத் தெரியும். விசேஷ நாட்களில் குடும்பம் கூடும்போது, "வாங்க, சர்க்கரை பாத்துடலாம்" என்பேன். வரிசையில் நிற்பார்கள். "அத்தானுக்குக் கை லேசு, எறும்பு கடிச்ச மாதிரிகூட இல்ல" என்று கொழுந்தியாள் சொல்வாள். சர்க்கரையும் பார்த்துத்தான் சொன்னேன். அதில் பொய் இல்லை. மீதி ரத்தம் அதோ அந்தக் குளிர்பெட்டியில், மேல்தட்டில் இருக்கிறது. ஒட்டியிருக்கும் பெயரெல்லாம் என் கையெழுத்துதான். அளவு ஒவ்வொரு தடவையும் ஏறியது. மாமனாருக்குக் கொழுப்பு கூடியது. கொழுந்தியாள் தைராய்டு மாத்திரை சாப்பிடத் தொடங்கினாள். அவளுக்குக் குழந்தை பிறந்தபோது எடை குறைவாக இருந்தது. இந்த மாதிரிப் பூச்சுகளைப் பற்றிப் படித்ததோடு அதுவும் பொருந்திப்போனது. குழந்தையிடமிருந்து நான் ரத்தம் எடுக்கவில்லை மேடம். நான் ஒன்றும் அரக்கன் இல்லை. தொப்புள்கொடியில் இருந்ததே போதுமானதாக இருந்தது.

குழந்தை நன்றாகத்தான் இருக்கிறாள். என்னைப் பார்த்தால் சிரிப்பாள்.

என் மனைவியா? அவளும் பச்சை டப்பாவில்தான் சாப்பிட்டாள். நான் சொல்லவில்லை. தெரிந்தால் சோதனை கெட்டுவிடும். ஒப்பிட்டுப் பார்க்க டப்பாவைத் தொடாத ஓர் ஆள் வேண்டும். அதற்கு நான் இருந்தேன். எவர்சில்வர் தூக்குதான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன். மற்றவர்கள் கிண்டல் செய்தார்கள். அவள் ஒரு நாள்கூட முகம் சுளிக்காமல் தூக்கில் போட்டுக் கொடுத்தாள். இங்கே வந்ததும் திறந்தால் ஆவி வரும். கொடுத்துவைத்தவன் என்று மேலதிகாரியே சொல்வார்.

எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரு வக்கீல் கை தவறிச் சூடான சாப்பாட்டை மடியில் கவிழ்த்துக்கொண்டார். கவிழ்ந்த டப்பா அவர் கண்ணுக்கு நேராக நின்றது. வலியில் கத்திக்கொண்டே அந்த வரியைப் படித்திருக்கிறார், நேராக உங்களிடம் வந்து புகார் கொடுத்துவிட்டார். வக்கீலாக இருந்தால் அடிவரியைப் படிக்காமல் இருக்க முடியாது போலிருக்கிறது.

இப்போது நீங்கள் என் சகலைதான் திட்டம் போட்டுக் குளிர்ச் சோதனை வாங்கினான், ஊரை ஏமாற்றினான் என்கிறீர்கள். நான் வாயைத் திறக்காவிட்டால் அவன் உள்ளே போவான். திறக்காமல் இருந்திருப்பேன். ஆனால் உங்கள் காவலர் உள்ளே வரும்போது சொன்னாரே, "உங்க சகலைக்கு மூளை ஜாஸ்தி சார், சட்டத்துல ஓட்டையே தெரியாம பண்ணியிருக்கான்" என்று. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அவனுக்கு அந்த வரியில் என்ன இருக்கிறது என்றே இன்றுவரை தெரியாது. செய்தது முழுக்க நான். தெரிந்தே செய்தேன். அவனை விட்டுவிடுங்கள், பெருமை யாருடையதோ அவருக்குத்தான் போக வேண்டும்.

கிளம்பலாம். அதற்கு முன் ஒரு சின்ன வேலை. நேற்றுத்தான் என் ரத்தத்தை முதல் தடவையாக ஓட்டிப் பார்த்தேன். ஒன்றும் இருக்காது என்று தெரிந்ததால் கடைசிக்கு விட்டுவைத்திருந்தேன். ராத்திரி சாப்பிடும்போது மனைவியிடம் பேச்சோடு பேச்சாக, சாப்பாடு எப்படி அவ்வளவு சூடாக இருக்கிறது என்று கேட்டேன்.

"அதுவாங்க? விடியறதுக்குள்ள ஆக்கிடறேன். தூக்குல போட்டா நீங்க கிளம்பறதுக்குள்ள ஆறிடும். அதனால இறக்கின உடனே தங்கச்சி குடுத்த பச்சை டப்பாவுல போட்டு, துணி சுத்தி, அடுப்பு மேலயே வச்சிடுவேன். நீங்க செருப்பு மாட்டறப்பதான் தூக்குல கவிழ்ப்பேன். எங்களுக்கெல்லாம் அவ்வளவு நேரம் யாருங்க காத்திருக்கா, போட்டதும் சாப்பிட்டுடுவோம்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். மாமனார் வீட்டில் சிரித்தாளே, அதே சிரிப்பு.

குளிர்பெட்டியில் உள்ள எல்லாரையும்விட என் அளவுதான் மேலே நிற்கிறது. இரண்டு தடவை ஓட்டிவிட்டேன். அந்த இயந்திரத்தைப் பார்க்க ஓர் ஆளை வரச் சொல்லியிருக்கிறேன் மேடம். அவர் வந்து பழுதைச் சரிசெய்யும்வரை அந்த ஒரு அளவை மட்டும் நம்பாதீர்கள்.