கோரைக்குழிச் சாலை

மலைப்பாதை எனக்கு இன்றைக்கும் ஒத்துக்கொள்ளாது. அடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டி தாண்டியதுமே ஒரு எலுமிச்சம்பழத்தைக் கையில் எடுத்து முகர்ந்துகொண்டு வருவேன். அப்படிப்பட்டவனைத்தான் கொல்லிமலைக்கு ஒன்றிய ஆணையராகப் போட்டார்கள். நான் முணுமுணுக்கவில்லை. இளநிலை உதவியாளராகச் சேர்ந்து படிப்படியாக மேலே வந்தவன். இன்னும் ஒரு படி ஏறினால் உதவி இயக்குநர் நாற்காலி. விசாரணைக்கு வந்திருக்கும் உங்களுக்கும் நாற்காலி ஆசை தெரியாததல்ல, ஐயா.

கோரைக்குழிச் சாலையைப் பற்றிக் கேட்டீர்கள். மலையூர்களை நாடு நாடாகப் பிரித்திருப்பார்கள்; அதில் திண்ணனூர் நாட்டில், சரிவில் ஒதுங்கிக் கிடக்கும் சின்ன ஊர் அது. சாலை முடிந்துவிட்டது என்று மேலிடத்துக்கு எழுதியிருந்தேன். உண்மையில் முதல் வளைவு வரைதான் சாலை. அதற்கப்பால் ஒற்றையடிப் பாதை. வேலை முடியுமுன்னே முந்திக்கொண்டு எழுதுவது ஊர் உலகத்தில் இல்லாததா? சிறந்த ஒன்றியத்துக்கான விருதுக்காகப் பார்வையிட வந்த குழுவும் அந்த வளைவுக்கு மேல் நடக்காது. அங்கேயே பந்தல் போட்டு அவர்களை உட்கார வைத்தேன்.

அப்போதுதான் ஊராட்சிச் செயலர் அர்த்தனாரி போன் செய்தார்.

"சார், செல்லமுத்து சம்சாரம் பெருமாயிக்கு வலி வந்துருச்சுங்க. புள்ள குறுக்க கெடக்குதாட்ட இருக்குதுங்க. தூளி கட்டித் தூக்கியாந்துட்டோம். வளைவுக்குக் கிட்டக்க வந்துட்டமுங்க."

மூங்கில் கழியில் போர்வையைக் கட்டி, ஆளைப் படுக்க வைத்துத் தோளில் சுமந்து வருவதுதான் தூளி. சாலை போட்ட ஊரில் தூளிக்கு என்ன வேலை? குழுவின் கண் முன்னால் அது வந்து நின்றால் என் பிழைப்பு அன்றோடு சரி. ஆம்புலன்ஸ் வண்டிக்குச் சொல்லியிருக்கிறேன், வந்ததும் கூப்பிடுகிறேன், அதுவரை அங்கேயே மர நிழலில் நில்லுங்கள் என்றேன்.

செல்லமுத்து போனை வாங்கினான். "ஏனுங்க சாமி, ரொம்ப முடியாம கெடக்குறாளுங்க. உங்க ஜீப்புலயாச்சும் ஏத்திக்கலாமுங்களா?"

"பயப்படாத கண்ணு. வண்டி பாதி மலை ஏறிருச்சு."

நம்பிவிட்டான். அதிகாரி ஒன்றைச் சொல்லிவிட்டால் அந்த ஜனத்துக்கு அது நடந்து முடிந்த மாதிரி. அவர்களிடம் ஒரு பிடிவாதமும் உண்டு. ஆளைச் சுமந்த தூளியை வழியில் தரையில் வைக்க மாட்டார்கள்; வைத்தால் உயிர் தங்காதாம். அதனால் தோள் மாற்றித் தோள் மாற்றி நின்றுகொண்டே இருந்திருக்கிறார்கள். இறக்கி வைத்துவிட்டு இளைப்பாறியிருக்கலாம். அதற்கும் நானா பொறுப்பு?

குழுவின் தலைவியம்மா அன்னாசிப்பழத்தை விரும்பிச் சாப்பிட்டார். புறப்படலாமா என்று அவர் கேட்டபோது, நாட்டுக்கோழிக் குழம்பு கொதிக்கிறது, சாப்பிட்டுத்தான் போக வேண்டும் என்று நான்தான் தடுத்தேன். என் நிர்வாகத்தைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லிக்கொண்டிருந்தார். அப்படிப்பட்டவரை யாராவது எழுப்பி அனுப்புவார்களா? சாப்பாட்டுக்கு நடுவில் வளைவுக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு அலறல் கேட்டது. என்ன சத்தம் என்றார். மயில் என்றேன். அவர் கையை இலையிலேயே வைத்துக்கொண்டு, மறுபடி கத்துமா என்று ஆசையாகக் காத்திருந்தார். கொஞ்ச நேரம் கத்தியது. பிறகு கத்தவில்லை.

வண்டிக்குச் சொன்னேனா என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். சொல்லவில்லை. யாருக்குமே சொல்லவில்லை. என் ஜீப் பந்தலுக்குப் பின்னால்தான் நின்றது. டிரைவர் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். தாயும் பிள்ளையும் தூளியிலேயே போய்விட்டார்கள். போய்விடுவார்கள் என்று தெரிந்துதான் குழம்பை இன்னொரு கரண்டி ஊற்றச் சொன்னேன்.

ஆனால் நான் கல்நெஞ்சக்காரன் இல்லை, ஐயா. போட்ட சாலை மழையில் அடித்துக்கொண்டு போய்விட்டது என்று எழுதி, மறுபடி நிதி வாங்கி, கோரைக்குழி வரைக்கும் தார் போட்டுக் கொடுத்தேன். ஒரு சாவு விழாமல் அந்த ஊருக்கு அவ்வளவு சீக்கிரம் நிதி வந்திருக்குமா? பெருமாயி சாலை என்று பலகை வைத்தேன். திறப்பு விழாவில் கத்தரிக்கோலைச் செல்லமுத்து கையிலேயே கொடுக்கப் போனேன். அவன் வாங்கவில்லை. இன்றைக்கும் ஊரே தார்ச்சாலையில் போக, அவன் மட்டும் முள்ளுக்குள் இறங்கித்தான் நடக்கிறானாம். இவ்வளவு செய்தும் நன்றியில்லையே என்பது ஒன்றுதான் இந்த விஷயத்தில் எனக்கு இருக்கும் மனவருத்தம்.