அத்தையின் விரலில் ஒரு பட்டை

— பிரஷர் இறங்குதுன்னு மானிட்டர் கத்துது, நீ சிலையாட்டம் நிக்கிற. சலைனைத் திறந்து விடு!

— மாட்டேன். நீங்க குடலைப் பாருங்க. தலைமாட்டுல மயக்கமருந்து வேலை என்னோடது.

— கிடக்கிறது எங்கம்மா, புரியுதா? குடல் முறுக்கிக்கிச்சு, வேற சர்ஜன் வர நேரமில்லைன்னு நானே கத்தி எடுத்திருக்கேன்.

— எனக்கும் மாமியார்தான். இப்பத்தான் கொஞ்சம் ஏத்திப் பார்த்தேன். விரல்ல மாட்டின பட்டை, ஒவ்வொரு துடிப்புக்கும் இதயம் எவ்வளவு ரத்தம் தள்ளுதுன்னு காட்டுது. தண்ணி ஏத்தியும் அந்த அளவு கொஞ்சமும் ஏறல. ரத்தக்குழாய்தான் தளர்ந்திருக்கு. அதை இறுக்க மருந்து போட்டாச்சு.

— ஊசி இல்லாம, குழாய் இல்லாம, விரலைச் சுத்தி இதயத்தை அளக்கறாளாம்! மூத்திரப் பையைப் பார்த்தே தண்ணி ஏத்தினவன் நான், புரியுதா?

— ஒரு பேஷன்ட்டுக்கு அப்படித்தான் ஏத்தினீங்க. குடல் ஊதி, தையல் பிஞ்சு, திரும்பவும் வயித்தைத் திறந்தீங்க.

— வாயை மூடுடி! கல்யாணமான நாள்லேர்ந்து எங்கம்மாவைக் கண்டாலே உனக்கு ஆகாது. இன்னிக்குப் பழி தீர்த்துக்கற.

— சிஸ்டர் முன்னாடி மானத்தை வாங்காதீங்க. பழி தீர்க்கணும்னா, நீங்க சொல்றதைச் செஞ்சாலே போதும்.

— டாக்டரம்மா, பிரஷர் ஏறிடுச்சு.

— பார்த்தேன் சிஸ்டர்... இருங்க. என்னங்க, கையை நிறுத்துங்க.

— இப்ப என்ன? அதான் ஏறிடுச்சே!

— அது மருந்து தயவுல நிக்குது. இதயம் தள்ற ரத்தம் குறைஞ்சுக்கிட்டே வருது. உள்ள எங்கேயோ கசியுது. குடலைத் தூக்கிப் பின்னாடி பாருங்க.

— ரத்தக்குழாய்ல நான் போட்ட முடிச்சு. கசியாது.

— தூக்குங்கன்னா தூக்குங்க!

— ஐயையோ சார்... பின்னாடி ரத்தம் குளமாட்டம் நிக்குது.

— முடிச்சு நழுவிடுச்சு! கிளாம்ப் குடு சிஸ்டர், சீக்கிரம்! ஏய், நீ என்ன பண்ற?

— ரத்தம் ஏத்தறேன். சலைனும் திறந்தாச்சு. இப்பத்தான் உடம்பு கேக்குது.

— பிடிச்சாச்சு... இரு, இரு... கட்டியாச்சு. பட்டை என்ன சொல்லுது?

— ஏறுது. பொழைச்சுக்குவாங்க.

— கேளு. அம்மா என்னை நம்பித்தான் மேஜையில படுத்தாங்க. இந்த முடிச்சு விஷயத்தை மட்டும் அவங்ககிட்ட வத்தி வெச்சுடாத.

— நான் எதுக்கு வைக்கணும்? மயக்கம் குடுக்கறப்போ அத்தை என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. ‘அவன் கத்துவாம்மா, அவன் பேச்சைக் கேக்காத. உன்னை நம்பித்தான் படுக்கறேன்’னாங்க.