ஈட்டி வெளியே இருக்கும்போது விசில் கிடையாது

நான் பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் பத்தொன்பது வருடமாக உடற்கல்வி ஆசிரியையாக வேலை பார்த்து வருகிறேன். வயது நாற்பத்து நான்கு. பள்ளி மைதானத்தின் பின்சுவரை ஒட்டிய தெருவில், அச்சகத்துக்கு மேல் மாடியில், கணவருடனும் மகளுடனும் குடியிருக்கிறேன். பிள்ளைகளுக்கு நான் விசில் டீச்சர். கடந்த வியாழக்கிழமை மாலை இதே காவல் நிலையத்தில் ஒரு வாக்குமூலம் கொடுத்தேன். அதில் ஒரு வரி பொய். அதைத் திருத்துவதற்காக யாரும் கூப்பிடாமல் நானாகவே இன்று காலை பத்தேகால் மணிக்கு வந்திருக்கிறேன்.

எங்கள் மைதானம் சின்னது. ஈட்டி எறிகிற இடத்தைச் சுற்றியேதான் ஓட்டப் பாதையும் போகிறது. அதனால் நானே ஒரு முறை வைத்திருக்கிறேன். நீளமாக ஒரு விசில் என்றால் எறி. குட்டையாக இரண்டு விசில் என்றால் எறிகிற இடத்துக்கு உள்ளே போய் ஈட்டியை எடு. ஈட்டிகள் அறையிலிருந்து வெளியே வந்துவிட்டால் ஓடுகிற பிள்ளைகளுக்கு விசில் கிடையாது, கைத்தட்டல் மட்டும்தான். இதைச் சுவரில் பெயிண்டால் எழுதி வைத்ததும் நான்தான்.

வியாழக்கிழமை காலை விளையாட்டுச் சாமான் அறையில் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் இருவருக்குள் வாய்த்தகராறு நடந்தது உண்மை. ஒருத்தியை நெட்டை என்போம், இன்னொருத்தியைச் சுருட்டை என்போம். மாவட்டப் போட்டிக்கு ஈட்டியில் ஒரே ஒரு இடம். சுருட்டை, "உனக்கெல்லாம் எதுக்குடி ஈட்டி, துணி காயப்போட வச்சுக்கோ" என்றாள். அதற்கு நெட்டை, "இருடி, ஒருநாள் உன்னை வச்சுக்கறேன்" என்றாள். இந்த ஒரு பேச்சைப் பிடித்துக்கொண்டுதான் வேண்டுமென்றே எறிந்தாள் என்று சுருட்டையின் அப்பா புகார் கொடுத்திருக்கிறார். பெற்ற மனம், அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அன்று மதியம் இரண்டு பேரும் ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டதை நான் பார்த்தேன். அவர்கள் நாள் முழுக்கப் பேசிக்கொள்வதே இந்த லட்சணத்தில்தான்.

அதன் பிறகு மாலை நாலு மணிக்கு ஈட்டிப் பயிற்சியும் தொடர் ஓட்டப் பயிற்சியும் ஒன்றாக நடந்தன. ஒரே ஆளாக இரண்டையும் பார்க்கக் கூடாது. போட்டிக்கு ஒன்பது நாள்தான் இருந்தது, பார்த்தேன். சுருட்டை எறிந்து முடித்ததும் இரண்டு குட்டை விசில் ஊதினேன். அவள் ஈட்டியை எடுக்க உள்ளே போனாள். அடுத்தது நெட்டையின் முறை என்பதால் இன்னொரு ஈட்டியோடு கோட்டில் நின்றாள். அதன் பிறகு நான் ஓட்டப் பாதைப் பக்கம் திரும்பினேன். என் வலது கையில் ஸ்டாப் வாட்ச், இடது கையில் நேரம் குறிக்கிற அட்டை. முதல் ஓட்டக்காரி நான் சொல்வதற்கு முன்னாலேயே கிளம்பிவிட்டாள். அவளை நிறுத்தக் கைதட்ட வேண்டும். இரண்டு கையிலும் சாமான். விசில் எப்போதும்போல் பல்லுக்கு நடுவில் இருந்தது. நீளமாக ஒரு முறை ஊதினேன்.

நெட்டை எறிந்தாள். அவள் சுருட்டையைப் பார்க்கவில்லை. ஈட்டி நுனியைப் பார், வானத்தைப் பார், விசில் கேட்டால் யோசிக்காதே என்று மூன்று வருடமாக அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான். குனிந்திருந்த சுருட்டையின் இடது தொடையில் ஈட்டி இறங்கியது. நான் ஓடிப்போய் என் துப்பட்டாவால் இறுக்கிக் கட்டினேன். அவள் அழவில்லை. "டீச்சர், தூரத்தை அளந்தீங்களா" என்று தன்னுடைய எறிதலைப் பற்றிக் கேட்டாள்.

ஆம்புலன்ஸ் போன பிறகு தலைமையாசிரியர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, "விசில் விஷயத்தை நீங்களா இழுக்காதீங்க டீச்சர். அந்தச் சத்தத்துல யாருக்கு என்ன கேட்டுச்சுன்னு யார் கண்டா" என்றார். அவர் மிரட்டவில்லை. நான்தான் பயந்தேன். வேலை போய்விடும் என்று பயந்தேன். அதன் பிறகு இங்கே வந்து, உள்ளே ஆள் இருக்கும்போது எறிவதற்கு நான் விசில் கொடுக்கவில்லை என்று எழுதிக் கொடுத்தேன்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை காலை ஆஸ்பத்திரிக்குப் போனேன். நடந்துவிடுவாள், ஓடுவதைப் பற்றி இப்போது சொல்ல முடியாது என்று டாக்டர் சொன்னார். வெளியே மாடிப்படியில் நெட்டை உட்கார்ந்திருந்தாள். சுருட்டையின் வீட்டார் அவளை உள்ளே விடவில்லை. விசில் கேட்கவில்லை, அவசரப்பட்டு எறிந்துவிட்டேன் என்று போலீஸில் சொல்லிவிட்டதாகச் சொன்னாள். ஏன்டி அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். "எனக்குக் கேட்ட மாதிரிதான் இருந்துச்சு. ஆனா நீங்க ஊதலைன்னு சொன்னீங்களாமே. அப்போ எனக்குத்தான் டீச்சர் தப்பாக் கேட்டிருக்கும்" என்றாள். அவள் என்னைக் குத்திக் காட்டவில்லை, நம்பித்தான் சொன்னாள். அதற்கு மேல் என்னால் அங்கே நிற்க முடியவில்லை. அவமானமாக இருந்தது. நேற்று இரவு என் கணவரிடமும் மகளிடமும் உண்மையைச் சொன்னேன்.

ஆகவே, அந்தப் பெண் கேட்டது சரி. ஊதியது நான். விசில் கேட்டதால்தான் எறிந்தாள்.

அன்று என்னிடமிருந்த விசிலை இப்போது ஆய்வாளரிடம் ஒப்படைக்கிறேன். எப்படி ஊதினீர்கள் என்று அவர் கேட்டதால் நீளமாக ஒரு முறை ஊதிக் காட்டினேன். அப்போது பதினோரு மணி விசாரணைக்காகத் தன் அம்மாவோடு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த நெட்டை எழுந்து நின்றுவிட்டாள். ஆய்வாளரும் அதைப் பார்த்தார். அதையும் இதில் எழுதிக்கொள்ளும்படி கேட்டேன், எழுதிக்கொண்டார்.

இதை எனக்கு முழுவதும் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது, சொன்னதெல்லாம் நடந்தது, யாரும் சொல்லிக் கொடுத்துச் சொல்லவில்லை. வியாழக்கிழமை கொடுத்ததை விட்டுவிட்டு இதையே என் வாக்குமூலமாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

(ஒப்பம்)
உடற்கல்வி ஆசிரியை