ஆவியில் திறந்த கவர்கள்

காலையில் எழுந்ததும் கெட்டிலில் தண்ணீர் வைப்பேன். பல் துலக்கி வருவதற்குள் கொதித்துவிடும். மூன்று கோப்பை எடுப்பேன், ஒன்றைத் திரும்ப வைப்பேன். தேர்தல் மாதத்தில் மட்டும் தண்ணீர் கொஞ்சம் கூடுதல். ஆவி நிறைய வேண்டியிருந்தது.

எங்கள் குடியிருப்பில் மாடி இறங்க முடியாதவர்களுக்குத் தபால் வாக்கு. நிரப்பி ஒட்டிய கவரை யாராவது தபால் பெட்டியில் சேர்க்க வேண்டும். மனைவியை இழந்தவனை யாரும் சந்தேகப்படுவதில்லை. "உன் கையால போட்டுடுப்பா, புண்ணியமாப் போகும்" என்று கொடுத்தார்கள்.

ஆவி பட்டால் பசை இளகும். நகராட்சித் தலைவருக்கு விழுந்த வாக்குகளைக் கிழித்துக் கழிப்பறையில் விட்டேன். மற்றவற்றை மறுபடி ஒட்டி அனுப்பினேன். தலைவர் நேரத்துக்கு ஆம்புலன்ஸ் விடாததால்தான் என் மனைவி செத்தாள் என்று வீடு வீடாகச் சொல்லியிருந்தேன். சாவுக்கு வந்து என் தோளில் அழுதவர்கள்தான் அவருக்குக் குறி போட்டிருந்தார்கள். சுவரிடம் சொல்லியிருக்கலாம்.

மேல்மாடித் தையல்காரரிடம், தலைவருக்கா போட்டீர்கள் என்று கேட்டும் பார்த்தேன்.

"இவர் குழாயில தண்ணியாவது வருது தம்பி. எதிர்த்து நிக்கிறவன் வந்தா காத்துதான் வரும்" என்று சிரித்தார்.

அவருடையதை முதலில் கிழித்தேன்.

என்னோடு இருக்கும் மாமியாரும் தலைவருக்குத்தான் போட்டிருந்தார். கவரைத் தரும்போதே, "அந்த ஆள் மேல எனக்கென்ன கோபம் மாப்பிள்ளை?" என்று என் முகத்தையே பார்த்தார். மகள் போன துக்கத்தில் குழம்பியிருக்கிறார் என்று நினைத்தேன்.

மாடி இறங்க முடியாத என் மனைவியின் பெயரைத் தபால் வாக்குப் பட்டியலிலிருந்து யாரும் நீக்கவில்லை. அவளுக்கும் கவர் வந்தது. வீணாக்க மனம் வரவில்லை. தலைவருக்கு எதிராகக் குறியிட்டு, அவள் கையெழுத்தையும் போட்டு அனுப்பினேன். தேர்தல் அலுவலகத்தில் கவர்களைச் சரிபார்த்த பெண் அவளுடைய தோழி. சாவுக்கு வந்திருந்தவள்.

விசாரணை அதிகாரி பொறுமையானவர். அடுத்தவர் வாக்கைப் பிரித்தால் சிறை, கவருக்குக் கவர் தனித் தண்டனை என்று படித்துக் காட்டினார்.

"படிச்சவன்தானே நீ? இது தப்புன்னு தெரியாதா?"

தெரியும் என்றேன். ஆனால் அது என் மனைவியின் கடைசி ஆசை. "அந்த ஆளை விடாதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் கண்ணை மூடினாள் என்றேன்.

"உன் மாமியார் வேற மாதிரி சொல்றாங்களே. அப்போ பக்கத்து அறையிலதான் இருந்தாங்களாம். ஆம்புலன்ஸ் கூப்பிட்டதும் வந்துச்சாம், கூப்பிட்டதுதான் லேட்டாம்."

மாமியாருக்குக் காது நன்றாகக் கேட்கும்.

அன்று காலையும் கெட்டில் கொதித்துக்கொண்டிருந்தது. நெஞ்சு வலிக்கிறது என்றாள். வாயுதான் என்று வெந்நீர் கொடுத்தேன். வேலைக்குப் போட வேண்டிய சட்டைக்கு இஸ்திரி போட்டேன். மறுபடியும் கூப்பிட்டாள். மறுபடியும் வெந்நீர் கொண்டுபோனேன். கோப்பையைத் தள்ளிவிட்டு அவள் சொன்னது இவ்வளவுதான்.

"வெந்நீர் போதுங்க. இப்பவாவது போன் பண்ணுங்க."