பாட்டிலைத் தின்ற பாசி

— ஏணியை ஆட்டாதே பாப்பா! ஜன்னலுக்குக் கண்ணாடி போட வந்தவன் காலுக்கு மாவுக்கட்டு போட்டுக்கிட்டுப் போகணுமா?

— முதல்ல இந்தப் பாப்பாவை நிறுத்துண்ணா. முப்பத்திரண்டு வயசாச்சு. ஆய்வுக்கூடத்துல நாலு பேர் காதுல விழுந்தா என் மானம் என்ன ஆகும்?

— சரிங்க டாக்டர் பாப்பா. அந்தத் திரையில தெரியுறது என்ன, சல்லடையா, தோடா?

— டயட்டம்னு ஒரு கடல் பாசி. ஒரே ஒரு செல்தான். அது தனக்குத்தானே கட்டிக்கிட்ட கண்ணாடி ஓடு இது. அந்த ஓட்டைங்க இருக்கே, ஒரு தலைமுடியோட குறுக்கே வரிசையா ரெண்டாயிரம் வைக்கலாம்.

— அளக்காதே. கண்ணாடி உருக ஆயிரத்தைந்நூறு டிகிரி வேணும். இது எந்த உலையில வேகுதாம்?

— உலையே கிடையாது. வெறும் பச்சைத் தண்ணி. அதுல கரைஞ்சிருக்கிற சிலிக்கா, அதாவது உங்க கண்ணாடிக்குப் போடற அதே மணல் சரக்கு, அதை உறிஞ்சி உள்ளே ஒரு குட்டிப் பையில சேர்க்கும். பைதான் அச்சு. புரதம் இழுத்துப் பிடிக்கும். துகள் துகளா ஒட்டி இறுகிடும்.

— சரி, ஓட்டை? நான் ஒரு ஓட்டை போடறதுக்குள்ள மூணு கண்ணாடி விரிசல் விடுது. இது எதை வச்சுத் துளைக்குது?

— துளைக்கறதே இல்லை. ஓட்டை வர வேண்டிய இடத்தை விட்டுட்டு, மிச்ச இடத்துல கட்டிக்கிட்டே போகும்.

— அடேங்கப்பா! நாளைக்கே வேலைக்கு எடுத்துக்கறேன். லீவு கேக்குமா?

— உனக்குச் சிரிப்பு. இதனால என் வேலை போகப்போகுது.

— என்னடி சொல்ற?

— சிலிக்காவே இல்லாத தண்ணியிலயும் இது ஓடு கட்டும்னு கண்டுபிடிச்சுத்தான் எங்க சார் பேரு வாங்கினார். அதை நான் திரும்பச் செஞ்சு காட்டணும். மூணு தடவை செஞ்சேன். ஒரு ஓடுகூட வரலை. 'உன் கை சரியில்லை, திங்கள்கிழமையிலேர்ந்து வராதே'ன்னுட்டார்.

— உன் கையா? உப்பைக்கூட எண்ணிப் போடற கையாச்சே!

— அவர் சொன்னது சரிதான்ணா. போன வாரம் கடைசியா ஒரு தடவை போட்டுப் பார்த்தேன். ஓடு ஓடா கட்டித் தள்ளியிருக்கு. திரையில இருக்கறது அதுதான். அப்போ முன்னாடி நான்தானே எங்கேயோ சொதப்பியிருக்கேன்? இப்ப போய் மன்னிப்புக் கேக்கப் போறேன்.

— இரு இரு. இந்தத் தடவை என்னத்தை மாத்தின?

— ஒண்ணும் இல்லை. பிளாஸ்டிக் பாட்டில் தீர்ந்துபோச்சு, சார் அலமாரியிலேர்ந்து கண்ணாடி பாட்டில் எடுத்தேன். அவ்ளோதான்.

— ஏண்டி, கண்ணாடி பாட்டில்லயா?

— கழுவித்தான் எடுத்தேன்.

— கழுவி என்ன பண்ண? எங்க கிடங்குல அடுக்கி வச்ச கண்ணாடி நனைஞ்சு கிடந்தா பால் பூத்த மாதிரி ஆயிடும். என்ன தேய்ச்சாலும் போகாது. ஏன்னா அது அழுக்கு இல்லை, கண்ணாடி கரைஞ்ச தழும்பு. வெறும் ஈரத்துக்கே அப்படி. நீ ஒரு வாரமா கடல்தண்ணியை ஊத்தி வச்சிருக்க!

— புத்தகத்துல படிச்சிருக்கேன். ஆனா கரையுறது கொஞ்சூண்டுதானே?

— முடிக்குக் குறுக்கே ரெண்டாயிரம் ஓட்டை போடற பயலுக்கு வண்டி வண்டியாவா சரக்கு வேணும்?

— ஐயோ! பாட்டிலையே தின்னுருக்கு! அப்போ என் கை சரியாத்தான் இருந்துச்சா?

— உன் கை கிடக்கட்டும். உங்க சார் பேரு வாங்கினாரே, அது எந்த பாட்டில்ல?

— ...அந்த அலமாரியில கண்ணாடி பாட்டிலைத் தவிர வேற எதுவும் இருந்ததே இல்லை. அண்ணா, சத்தம் போடாம இறங்கி அந்தக் கதவைச் சாத்து.