இரண்டாவது விண்ணப்பம்

எனக்குப் படிவம் நிரப்பப் பிடிக்கும். ஜித்தாவில் ஒரு சரக்குக் கப்பல் அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடம் அதைத்தான் செய்தேன். அடித்தல் திருத்தல் இல்லாமல் ஒரு தாளை முடித்து நிமிரும்போது வருகிற நிம்மதி நல்ல தூக்கத்தில்கூட எனக்குக் கிடைத்ததில்லை. காயல்பட்டினத்துக்குத் திரும்பிய பிறகும் பாஸ்போர்ட், ஆதார், எதுவானாலும் ஊரில் "ஜக்கரிய்யா மாமாட்ட குடு" என்பார்கள்.

அமெரிக்க லாட்டரியும் அப்படித்தான் என்னிடம் வந்தது. வருடா வருடம் குலுக்கல் போட்டுச் சிலருக்கு நிரந்தரமாகக் குடியேற விசா தருகிறார்கள். இந்தியாவில் பிறந்தவர்களுக்கு அதில் இடமில்லை. இலங்கையில் பிறந்திருந்தால் உண்டு. எங்கள் ஊர்க்காரர்கள் பலருக்குக் கொழும்பில் கடை இருந்தது. அதனால் அங்கே பிறந்து இங்கே வளர்ந்தவர்கள் தெருவுக்கு நாலு பேராவது தேறுவார்கள். என் மருமகன் யாசிர் அதில் ஒருவன். மூன்று வயதில் வந்துவிட்டான். கொழும்பு என்றால் அவனுக்கு ஒரு கறுப்புக் குடைதான் ஞாபகம். ஆனால் பிறப்புச் சான்றிதழ் பத்திரமாக இருந்தது.

எங்கள் ஊரில் கல்யாணமானால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவான். நானும் அப்படி வந்தவன். வந்த நாற்பதாம் நாள் விமானம் ஏறினேன். திரும்பியபோது என் மனைவி ரஹ்மத்துன்னிஸாவும் அவள் தங்கச்சிமாரும் என் மகள் ஸாலிஹாவும் சமையற்கட்டில் ஒரே பேச்சை இருபத்திரண்டு வருடமாக விடாமல் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் நுழைந்தால் அது நின்றுவிடும். "என்ன வேணும்?" என்பார்கள். ஒன்றும் வேண்டாம் என்று வெளியே வந்துவிடுவேன். இதைக் குறையாகச் சொல்லவில்லை.

யாசிர் மாப்பிள்ளையாக வந்த முதல் வாரம், முன்னறையில் என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு, "ஜித்தாவுல மழை பெய்யுமா மாமா?" என்று கேட்டான். பதில் சொல்லி முடிக்க இரண்டு மணி நேரம் ஆனது. அவன் எழுந்திருக்கவில்லை. தூத்துக்குடித் துறைமுகத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்ட்டிடம் வேலை. மாலை பஸ்ஸை விட்டு இறங்கியதும் என்னோடு கடற்கரைக்கு வருவான், பிறகு கேரம். வெங்காயக் கண்டெய்னர் ஒன்று காணாமல் போன கதையை அவனிடம் பதினோரு தடவை சொல்லியிருக்கிறேன். பதினோராம் தடவையும் சரியான இடத்தில் "அய்யய்யோ" என்றான். இதெல்லாம் ஒரு தகவலுக்காகச் சொல்வது. நான் செய்தது என் மகளுக்காக.

லாட்டரி விழுந்தால் யாசிரோடு ஸாலிஹாவும் பேத்தி மர்வாவும் போய்விடுவார்கள். எனக்கு ஒரே மகள். அதனால் விதிகளை முழுக்கப் படித்தேன். வேறு யாரும் படிப்பதில்லை. ஒருவர் ஓர் ஆண்டில் ஒரு விண்ணப்பம்தான் போடலாம். இரண்டு போட்டால் இரண்டுமே தள்ளுபடி.

ஒவ்வோர் அக்டோபரிலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை யாசிர் குளித்துவிட்டு என் பக்கத்தில் உட்காருவான். நான் கம்ப்யூட்டரில் நிரப்புவேன். "பிஸ்மில்லா சொல்லிட்டு அமுக்குங்க மாமா" என்பான். சொல்லிவிட்டுத்தான் அமுக்குவேன். மறுநாள் அவன் வேலைக்குப் போனபின், வீடு உண்டு கண்ணயரும் நேரத்தில், அதே விவரங்களையும் புகைப்படங்களையும் வைத்து இன்னொன்று அனுப்புவேன். அதற்கு பிஸ்மில்லா சொல்வதில்லை. எனக்கும் ஒரு வரம்பு உண்டு.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். இரண்டு விண்ணப்பங்களிலும் ஒரு பொய்கூட இல்லை. ஒரே உண்மையை இரண்டு தடவை சொன்னேன், அவ்வளவுதான்.

மற்றவர்களுக்கு ஒன்றோடு நிறுத்திக்கொண்டேன். நாலாம் வருடம் பக்கத்துத் தெரு முஜாஹித்துக்கு விழுந்துவிட்டது. தட்டு நிறையத் தம்மடைப் பலகாரத்தோடு வந்து என் கையை முத்தமிட்டான். ஜக்கரிய்யா மாமாவுக்கு ராசியான கை என்று ஊரெல்லாம் பேச்சு. அன்று மாலை யாசிர் கடற்கரைக்குக் கூப்பிடவில்லை.

"ஒங்க கைராசி ஊருக்கெல்லாம் பலிக்குது. எனக்கு மட்டும் ஏன் மாமா?" என்றான்.

"நஸீபு, மாப்பிள்ளை. அவனவன் தலையெழுத்து."

முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து கேரம் போர்டை எடுத்து வைத்தான். அன்று வேண்டுமென்றே அவனிடம் தோற்றேன். இரக்கமில்லாதவன் என்று என்னைச் சொல்ல முடியாது.

குமாஸ்தா புத்தி, எந்தத் தாளையும் எறிய மாட்டேன். விண்ணப்பம் போய்ச் சேர்ந்ததும் ஒரு பதிவெண் வரும். அதை அச்செடுத்துக் கோப்பில் வைத்துவிடுவேன். ஐந்தாம் வருடம் ரஹ்மத்துன்னிஸா கேஸ் சிலிண்டர் புத்தகம் தேடி அந்தக் கோப்பைத் திறந்துவிட்டாள்.

"இதென்ன, எல்லாம் ரெண்டு ரெண்டா கெடக்கு?"

விளக்கினேன். அவள் தாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"மவளுக்காகவா?"

"மவளுக்காகத்தான்."

"அப்ப அவள்ட்டயே சொல்லிருவமா?"

"வேண்டாம். வருத்தப்படுவா."

"ஒங்கள ஜித்தாவுலயே விட்டுவச்சிருக்கணும்" என்று கோப்பை மூடினாள். ஆனால் யாரிடமும் சொல்லவில்லை. அவளுக்கும் ஒரே மகள்தானே.

யாசிருக்கு வளைகுடாவிலிருந்து இரண்டு வேலைகள் வந்தன. "அங்கன போயிட்டு, இங்க அமெரிக்கா விழுந்துட்டா?" என்று விட்டுவிட்டான். அப்படியே ஏழு வருடம். ஸாலிஹா பொறுத்துப் பார்த்தாள். போன ஜூன் மாதம் தோஹாவில் ஒரு பள்ளிக்கூடத்தில் அவளுக்கு ஆசிரியை வேலை கிடைத்தது. "நீங்க லாட்டரிக்குக் காத்திருங்க. நான் புள்ளய வளக்கணும்" என்று அவனிடம் சொல்லிவிட்டு மர்வாவையும் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். அவள் சம்பளத்துக்குக் கணவனுக்கு விசா கிடைக்காதாம். பெண் போய்விட்டாள், வீட்டோடு மாப்பிள்ளை மட்டும் இருக்கிறான். எங்கள் தெருவில் இதுதான் முதல் தடவை. பள்ளிவாசலில்கூடச் சிரிக்கிறார்கள்.

யாசிர் இப்போது வளைகுடாவிலும் வேலை தேடுகிறான். வயதைக் கேட்டதும் போனை வைத்துவிடுகிறார்கள். "நாங்க மூணு பேரும் ஒரே வீட்டுல இருக்கணும்னா இனி லாட்டரிதான் மாமா. எனக்கு இது வெளையாட்டு இல்ல" என்றான். புரிகிறது என்றேன். உண்மையிலேயே புரிந்தது.

அக்டோபரில் ஸாலிஹா தோஹாவிலிருந்து புதுப் படங்கள் அனுப்பினாள். மர்வாவுக்கு முன்பல் இரண்டு விழுந்திருக்கிறது. சிரிக்கக் கூடாது என்று யாரோ அதட்டி எடுத்த படம், வாயை இறுக்கி மூடியிருந்தாள். கூடவே ஒரு செய்தி: "வாப்பா, இந்தத் தடவையாவது நல்லா பாத்துப் போடுங்க."

நன்றாகப் பார்த்துத்தான் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை யாசிர் முன்னால் ஒன்று. திங்கட்கிழமை மதியம் இன்னொன்று. ரஹ்மத்துன்னிஸா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். தூங்கவில்லை என்பது மூச்சிலேயே தெரிந்தது. இரண்டிலும் மர்வாவின் படத்தை நேராக வெட்டி, தலை நடுவில் வருகிறதா என்று அளந்து ஏற்றினேன். அன்று மாலை நானும் மாப்பிள்ளையும் கடற்கரையில் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம். நல்ல காற்று.

நீங்கள் என்னைப் பற்றி எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். ஆனால் காரணம் என்ற கட்டத்தில் ஒன்றை மட்டும் சரியாகப் போடுங்கள்: பெற்ற மகள் கண்காணாத தேசத்துக்குப் போய்விடக் கூடாது என்று பயந்த ஒரு தகப்பன்.