எழுபத்திரண்டாம் எண்ணுக்குப் புறப்பட்ட ஒன்பது தையல் மெஷின்கள்

தானாக நிலையத்துக்கு வந்து கொடுத்த வாக்குமூலம். பெயரும் முகவரியும் தனித்தாளில் உள்ளபடி. வயது முப்பத்து நான்கு. தொழில், மென்பொருள் நிறுவனத்தில் பயன்பாட்டுக் கையேடு எழுதுவது. புகார்தாரருக்கு உடன்பிறந்த தங்கை.

என் அக்காவின் தையல் கடையிலிருந்து ஒன்பது மெஷின்களைத் திருடியதாக லாரி டிரைவர் ஒருவர் நேற்று முன்தினம் முதல் இந்த நிலையத்தில் வைக்கப்பட்டிருக்கிறார். அவர் திருடவில்லை என்று சொல்லவே வந்தேன். யாரும் என்னை அழைக்கவில்லை, வற்புறுத்தவும் இல்லை.

எங்கள் நிறுவனத்தின் மென்பொருள், செய்ய வேண்டிய வேலைகளைப் பட்டியல் போட்டு வைக்கிறது. மனிதர்களுக்கு அல்ல, ஏஜெண்டுகளுக்கு. ஏஜெண்ட் என்றால் என்ன என்று அதிகாரி கேட்டார். கொடுத்த வேலையைத் தானாகச் செய்யும் கணினி நிரல், கடிதம் எழுதும், வாடகைக்கு வண்டி பேசும், கை கால் மட்டும் கிடையாது என்றேன். "அப்ப யாரைம்மா கைது பண்றது?" என்றார். எனக்கும் தெரியவில்லை. பட்டியலில் ஒவ்வொரு வேலைக்கும் அதற்கு முன்னால் எது முடிய வேண்டும் என்று எழுதியிருக்கும். முன் வேலைக்கு டிக் விழாதவரை அடுத்ததை எந்த ஏஜெண்டும் தொடாது. இதை விளக்கும் பக்கத்தை எழுதுவது என் பொறுப்பு.

'அ என்ற வேலை, ஆ என்ற வேலை' என்று உதாரணம் கொடுத்தால் படிப்பவருக்குக் கொட்டாவி வரும் என்பது என் கட்சி. ஆகவே திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு என் அக்காவின் கடையை உதாரணமாக எடுத்துக்கொண்டேன். இடம் போதவில்லை, மாற்ற வேண்டும் என்று அவர் ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். முதல் வேலை, கடைக்காரரிடம், அதாவது அக்காவிடம், சம்மதம் வாங்குவது. இரண்டாவது, மெஷின்களைப் புதிய இடத்துக்கு மாற்றுவது. கடையின் முகவரியை உள்ளபடி எழுதினேன். சாவி பக்கத்து ஜெராக்ஸ் கடையில் இருக்கும் என்பதையும் எழுதினேன். புதிய இடத்துக்குத்தான் முகவரி இல்லை. தெரிந்த தெரு ஒன்றின் பெயரைப் போட்டு, வாய்க்கு வந்த எண்ணாக எழுபத்திரண்டு என்று எழுதினேன். அந்தத் தெரு நாற்பத்தொன்றோடு முடிந்துவிடுகிறது.

அதன் பிறகு கையேட்டுக்குத் திரையைப் படம் எடுக்க வேண்டியிருந்தது. பயிற்சிக்கென்று வைத்திருக்கும் பட்டியல் அன்று திறக்கவில்லை. நிஜப் பட்டியலிலேயே இரண்டு வேலைகளையும் ஏற்றினேன். முதல் படத்தில் இரண்டாவது வேலை சாம்பல் நிறத்தில் பூட்டிக் கிடந்தது. அடுத்த படத்துக்கு அது பச்சையாக வேண்டும், அதற்கு முதல் வேலைக்கு டிக் விழ வேண்டும். போட்டேன். அதாவது, என் அக்காவை ஒரு வார்த்தை கேட்காமல் அவர் சம்மதித்துவிட்டதாகப் பதிந்தேன். படம் நன்றாக வந்தது. அழிப்பதற்குள் கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள், போய்விட்டேன்.

அதன் பிறகு புதன்கிழமை அக்கா துணி எடுக்க வெளியூர் போயிருந்தபோது, டிரைவர் வந்து ஜெராக்ஸ் கடைக்காரரிடம் போனில் வந்த உத்தரவைக் காட்டிச் சாவி வாங்கி, மெஷின்களை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார். மாலையில் அக்கா திரும்பிப் புகார் கொடுத்தபோதும் டிரைவர் நான் எழுதிய அந்தத் தெருவில்தான் இருந்தார். கையும் களவுமாகப் பிடித்ததாக எழுதியிருக்கிறார்கள். ஓடுகிறவர் யாராவது மூன்று மணி நேரம் ஒரே தெருவில் வீடு வீடாகக் கதவு எண் கேட்பாரா என்பதைக் கவனிக்க வேண்டுகிறேன்.

மறுநாள் காலை அக்கா போனில், "ஆளப் பாத்தாலே தெரியுதுடி, திருட்டு முழி! எழுபத்திரண்டாம் நம்பர் வீட்டத் தேடுனேன்னு கதை விடறான். நான் சம்மதம் குடுத்தாச்சுன்னு ஏஜெண்ட் சொன்னாராம்" என்றார். அந்த எண்ணைக் கேட்டதும் எனக்குப் புரிந்துவிட்டது. "நல்லா விசாரிக்கச் சொல்லுக்கா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். அப்போதே சொல்லாதது கோழைத்தனம்.

அதன் பிறகு பட்டியலைத் திறந்தேன். பயம் இருந்தது, ஆனால் எப்படி நடந்தது என்று தெரிந்துகொள்ளும் ஆவல் அதைவிட அதிகமாக இருந்தது. டிக் என் பெயரில், திங்கள் 10.52. மூன்றாம் எண் ஏஜெண்ட் இரண்டாவது வேலையை எடுத்தது 11.40. எடுத்தவுடன் வண்டி பேசிவிடவில்லை. கீழே எனக்கு ஒரு கேள்வி எழுதியிருந்தது: "சம்மதம் யாரிடம், எப்போது வாங்கப்பட்டது? விவரம் இல்லை." நான் அறிவிப்புச் சத்தத்தை அணைத்து வைத்திருந்தேன். ஒரு நாள் முழுக்கக் காத்திருந்து, "பதில் இல்லை. டிக் உள்ளது. தொடர்கிறேன்" என்று எழுதிவிட்டு லாரி பேசியிருக்கிறது. டிக்கை ஏன் நம்பினாய் என்று நேற்று அதையே கேட்டேன். டிக் இருந்தால் நம்பலாம் என்று கையேட்டின் பன்னிரண்டாம் பக்கம் சொல்கிறது என்றது. அந்தப் பக்கமும் நான் எழுதியதுதான்.

மேலாளரிடம் சொன்னேன். "டிரைவர் எப்படியும் ரெண்டு நாள்ல வெளிய வந்துருவாரு. நீங்க அத அழிச்சிட்டு வேற உதாரணம் போடுங்க. கம்பெனி பேரு கெட்டுரும்" என்றார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்றாகிவிடும். நான் அழிக்கவில்லை. டிக், நேரம், ஏஜெண்டின் கேள்வி எல்லாம் உள்ள அச்சுப் பிரதியை இத்துடன் ஒப்படைக்கிறேன். வேலை போகலாம் என்பது தெரியும்.

உள்ளே வரும்போது டிரைவரைப் பார்த்தேன். என்னை அந்தத் தெருக்காரி என்று நினைத்து, "ஏம்மா, அந்த வீடு எங்கதாம்மா இருக்கு? ரெண்டு நாளா அதையே யோசிக்கிறேன்" என்றார். "அப்படி ஒரு வீடே இல்லைங்கண்ணா, நான்தான் சும்மா எழுதினேன்" என்றேன். அவர் திட்டவில்லை. "சும்மாவா?" என்று மட்டும் கேட்டார். அவரை இன்றே விடுவிக்க வேண்டுகிறேன்.

புகார்தாரர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். தனக்குத் துணையாக நான் வந்திருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறார். இதன் நகல் அவருக்குப் போகும் என்று அதிகாரி சொன்னார். அதற்கு முன் நானே போய்ச் சொல்ல ஐந்து நிமிடம் கேட்டேன். கொடுத்தார்.

மேலே எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். கூட்டவோ குறைக்கவோ எதுவும் இல்லை. எல்லாம் நான் செய்ததும் நான் சொன்னதுமே.

(கையொப்பம்)